காமிக்ஸ் வரைந்து பிழைப்பது எப்படி

இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். முத்து காமிக்ஸோடு வளர்ந்தவர்கள்கூடப் பலர் விழிப்பார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் என்பது ஞாபகம் இருக்கும், வரைந்தவர் பெயர் இருக்காது. அவர் ஸ்பெயின்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ. 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் அந்தத் தொடர் ஆரம்பித்தது. அன்றைக்கு அங்கே ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கமே பெரும்பாலும் கிடையாது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக மாயாவி தமிழில் வந்து இங்கே ஒரு தலைமுறையையே பைத்தியம் பிடிக்க வைத்தது, வரைந்தவரை மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

காமிக்ஸ் ஓவியராக வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பயமுறுத்துவதற்காக இல்லை. இது நன்றாக வரையத் தெரிந்தால் மட்டும் ஓடுகிற தொழில் இல்லை, கதை சொல்லத் தெரியவேண்டும், தேதிக்குக் கொடுக்கவேண்டும், என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். சுமாராக வரைந்துகொண்டு மற்ற மூன்றையும் ஒழுங்காகச் செய்கிறவருக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். பிரமாதமாக வரைந்து இந்த மூன்றிலும் கோட்டை விடுகிறவருக்கு இன்ஸ்டாகிராமில் லைக் வரும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? முகம் ஒன்றை அழகாக வரைவது வேறு, அதே முகத்தை இருபது பக்கத்துக்கு, கீழிருந்தும் மேலிருந்தும் முதுகுப் பக்கமாகவும், அழும்போதும் ஓடும்போதும், 'இவன் யாரு புதுசா?' என்று வாசகர் முன்பக்கம் புரட்டாத மாதிரி வரைவது வேறு. அதனால் முதல் வேலையாக ஒரு ஆளை உருவாக்கி, அவனுடைய முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், நாலைந்து முகபாவம், மற்ற பாத்திரங்களோடு நிற்கும்போது உயரம் என்று ஒரே தாளில் வரைந்து மேஜைக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். நிழலுருவமாகப் பார்த்தாலே ஆள் தெரியவேண்டும். 'டிங்கிள்' சிறுவர் இதழில் 1983-இல் வந்த சுப்பாண்டியைப் பாருங்கள், அந்தத் தலை வடிவத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அதை வடிவமைத்த ராம் வாயீர்கர் 2003-இல் இறந்த பிறகு அவருடைய மகள் அர்ச்சனா ஆம்பேர்கர் தொடர்ந்து வரைந்தார், சுப்பாண்டி சுப்பாண்டியாகவே இருந்தான். உருவம் அவ்வளவு தெளிவாக இருந்தால்தான் இன்னொரு கை அதை எடுத்துக்கொள்ள முடியும்.

அடுத்து ஒரு சின்னக் கதை. சொந்தக் கதை யோசிக்கிறேன் பேர்வழி என்று மாசக்கணக்கில் உட்கார்ந்துவிடாதீர்கள். தெனாலிராமன் கதை, வேதாளம் கதை, பாட்டி சொன்ன கதை, எதையாவது எடுத்து நான்கு பக்கத்தில் முடியுங்கள். முடித்ததும் வசனத்தை எல்லாம் மறைத்துவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அங்கே உங்கள் வரைதல் தோற்றிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து 'அது வந்து, இவன் இப்ப உள்ளே போறான்' என்று விளக்க ஆரம்பித்தால் சோதனை வீண். என்னைக் கேட்டால் ஐந்து வருடப் படிப்பைவிட இந்தச் சோதனை பெரிது.

தம்ப்நெயில் போடாமல் பக்கத்தில் கை வைக்காதீர்கள். தீப்பெட்டி அளவில் பக்கம் பக்கமாகக் கிறுக்குவதுதான் தம்ப்நெயில், ஆட்களுக்குக் கண் மூக்குகூட வேண்டாம், யார் எங்கே நிற்கிறார், வசனம் வைக்கிற பலூன் எங்கே வருகிறது, கண் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று தெரிந்தால் போதும். முழுக் கதையையும் இப்படிப் போட்டுத் தரையில் பரப்பிப் பார்த்தால் எங்கே இழுக்கிறது, எங்கே நாலு கட்டம் வரிசையாகத் தலைகளே பேசிக்கொண்டிருக்கின்றன என்பதெல்லாம் அப்பட்டமாகத் தெரியும். தலைகள் பேசிக்கொண்டே இருக்கும் பக்கம் எல்லோருக்கும் தலைவலிதான். அமெரிக்க ஓவியர் வாலி வுட் இதற்கென்றே எப்போதும் வேலைக்கு ஆகும் 22 கட்டங்கள் என்று ஒரு தொகுப்பு வைத்திருந்தார், பின்னணி முழுக்கக் கறுப்பு, முன்னால் ஒரு பொருள் பெரிதாகப் பின்னால் ஆள் சின்னதாக, ஆள் முழு நிழலுருவம், இப்படி. பிற்பாடு அதை ஒரே தாளில் ஒட்டி அச்சடித்து ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொண்டார்கள், இன்றைக்கும் எத்தனையோ ஸ்டூடியோச் சுவர்களில் தொங்குகிறது. தேடி எடுத்துப் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கம் திருப்புகிற இடத்தையும் கணக்கில் வையுங்கள். புத்தகமாக அச்சாகும்போது வலதுபக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கதவு தட்டப்படவேண்டும், தட்டியது யார் என்று திருப்பிய பிறகுதான் தெரியவேண்டும். அதே இரண்டு கட்டமும் எதிரெதிர்ப் பக்கத்தில் விழுந்தால் வாசகர் கண் முன்கூட்டியே பார்த்துவிடும், போச்சு. போனில் மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கிற வெப்டூன் என்றால் கணக்கே வேறு, அங்கே கட்டங்களுக்கு நடுவே விடுகிற வெற்றிடம்தான் நேரம்.

தமிழுக்கு வரைகிறீர்கள் என்றால் பலூன் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் இருக்கிற வழிகாட்டி எதிலும் இது இருக்காது. அங்கே பெரிய எழுத்தாக எழுதுகிறார்கள், எழுத்துக்கு மேலும் கீழும் எதுவும் நீளாது, வரிகளை நெருக்கி அடுக்கலாம். நமக்கு மேலே விசிறி, கீழே சுழி, 'கூ'வும் 'ழி'யும் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் இடித்துக்கொள்ளும், வரிக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். அதோடு நம் சொற்கள் நீளம். 'வந்துகொண்டிருக்கிறார்களாம்' என்பது ஒரே சொல், ஒல்லியான பலூனில் இதை வைத்தால் மூன்றாக உடைக்கவேண்டும், உடைத்தால் படிக்கும்போது தடுக்கும். ஆகவே பலூனை உயரமாக விடாமல் அகலமாக விடுங்கள், வசனத்தை முதலில் ஃபாண்டில் தட்டி அந்த அளவுக்கு இடம் ஒதுக்கிவிட்டு அப்புறம் ஆளை வரையுங்கள். முதலில் பேசுகிறவரை இடதுபக்கம் நிறுத்தினால் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டாது. கதாசிரியர் வசனத்தை நீட்டியிருந்தால் தம்ப்நெயில் போடும்போதே குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, பக்கம் முடிந்த பிறகு கேட்டால்தான் சண்டை. பக்கம் அமைக்கிற மென்பொருளான இன்டிசைனில் வைக்கும்போது வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸரை ஆன் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பறக்கும்.

ரெஃபரன்ஸ் பார்த்து வரைவது ஏமாற்று வேலை என்று ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. டின்டின் வரைந்த ஹெர்ஜே 1934-இல் சீனாவில் நடக்கிற கதை ஒன்றை ஆரம்பிக்கும் முன், பிரஸ்ஸல்ஸில் படித்துக்கொண்டிருந்த ஜாங் சோங்ரன் என்ற சீன மாணவரைச் சந்தித்தார். அவரோடு உட்கார்ந்து தெரு, உடை, கடைப்பலகை எழுத்து என்று எல்லாவற்றையும் கேட்டு வரைந்தார். அதற்கு முந்தைய கதைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு ஓவியர் வரைந்த மாதிரி இருக்கும். உங்கள் கதை தஞ்சாவூரில் நடந்தால் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்று போட்டோ எடுங்கள், ஒயர்கள் எப்படித் தொங்குகின்றன, டீக்கடையில் பாய்லர் எந்தப் பக்கம், பஸ் படிக்கட்டு எவ்வளவு உயரம். கூகுளில் கிடைக்கிற 'இந்தியத் தெரு'வை வரைந்தால் அது எந்த ஊராகவும் இருக்காது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 11-க்கு 17 அங்குல அட்டையில் வரைந்து அச்சில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்குகிறார்கள், சுருங்கும்போது கோட்டின் நடுக்கமெல்லாம் மறைந்துவிடும். நமக்கு ஏ3 தாள் போதும். பென்சில், இண்டியன் இங்க், இரண்டு பிரஷ், ஒரு நிப் பேனா. டிஜிட்டல் என்றால் கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட் காமிக்ஸுக்கென்றே செய்யப்பட்டது, புரோகிரியேட்டிலும் ஆகும். கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் 600 டிபிஐ, வண்ணம் என்றால் குறைந்தது 300, ஓரத்தில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல், எதற்கும் அச்சகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். டேப்லட் வாங்கினால்தான் ஆரம்பிப்பேன் என்று காத்திருக்கிறவர் டேப்லட் வந்த பிறகு நல்ல நாற்காலிக்குக் காத்திருப்பார்.

கல்லூரி? சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, உடற்கூறும் வண்ணமும் ஒழுங்காகக் கற்கலாம். காமிக்ஸ் என்ற தனிப் பாடத்தை அங்கே தேடிப் போகாதீர்கள். அமெரிக்காவில் ஓவியர் ஜோ கூபர்ட் 1976-இல் இதற்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார், அது நியூ ஜெர்சியில், நமக்குக் கட்டுப்படியாகாது. உலகம் முழுக்கப் பலர் வந்த வழி ஒரு மூத்த ஓவியரிடம் உதவியாளராகச் சேர்வதுதான். நாம் கேப்டன் டைகர் என்று படித்த புளூபெர்ரியை வரைந்த ழான் ஜிரோ, 1961-இல் ஜிஜே என்ற மூத்த ஓவியரிடம் போய் அவருடைய ஆல்பம் ஒன்றுக்கு இங்க் செய்து, அதாவது பென்சில் கோட்டின் மேல் மையால் வரைந்து கொடுத்தார். கொஞ்ச காலம் கழித்து கதாசிரியர் ஷார்லியே ஒரு வெஸ்டர்ன் தொடருக்கு ஆள் தேடி ஜிஜேயிடம் வந்தபோது, எனக்கு நேரமில்லை, இந்தப் பையனைப் பாருங்கள் என்று கைகாட்டினார் ஜிஜே. 1963-இல் புளூபெர்ரி பிறந்தது அப்படித்தான். நீங்களும் பின்னணிக் கட்டடம் வரைந்து கொடுங்கள், கட்டம் போட்டுக் கொடுங்கள், வண்ணம் நிரப்பிக் கொடுங்கள். வேகமாக வேலை செய்கிற ஒருவர் ஒரு நாளில் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார், எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கு ஈடு இல்லை. ஆனால் சம்பளம் இல்லாமல் வருடக்கணக்கில் உதவியாளராக இருக்காதீர்கள், அது கற்றல் இல்லை.

வேகத்தைப் பற்றி நேரடியாகப் பேசிவிடலாம். அமெரிக்க மாத இதழில் சுமார் 20 பக்கம், பென்சில் ஒருவர், இங்க் ஒருவர், வண்ணம் ஒருவர், பலூனில் எழுத்து ஒருவர் என்று பிரித்துக்கொண்டுதான் தள்ளுகிறார்கள், பென்சில்காரர் ஏறக்குறைய நாளுக்கு ஒரு பக்கம் கொடுத்தாகவேண்டும். இத்தாலியில் டெக்ஸ் வில்லர் என்ற வெஸ்டர்ன் தொடரின் மாத இதழ் 110 பக்கம், அது ஒரு ஆளால் முடியவே முடியாது என்பதால் பல ஓவியர்கள் ஆளுக்கொரு கதையாக மாதக்கணக்கில் வரைந்துகொண்டிருப்பார்கள், வரிசையாக இதழ் வரும். டெக்ஸை 1948-இல் முதலில் வரைந்த கலெப்பினியே உள்பக்கங்களை மற்றவர்களோடு பங்கிட்டுக்கொண்டு, அட்டைப்படத்தை மட்டும் 1994-இல் 400-வது இதழ் வரை விடாமல் வரைந்தார். பிரெஞ்சு ஆல்பம் 46 பக்கத்துக்கு ஒரு வருடம்கூட எடுக்கும். அமெரிக்க ஓவியர் ஜாக் கிர்பி உச்சத்தில் மாதம் நூறு பக்கத்துக்குப் பக்கத்தில் பென்சில் செய்தார், அவரை உதாரணமாக எடுத்துக்கொண்டு யாரும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம். உங்கள் வேகம் எவ்வளவு என்று கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள், தம்ப்நெயில் இத்தனை மணி, பென்சில் இத்தனை, இங்க் இத்தனை. இந்தக் கணக்கு கையில் இல்லாமல் யாருக்கும் தேதி சொல்லாதீர்கள், விலையும் சொல்லாதீர்கள்.

விலை எப்படிப் போடுவது என்று கேட்டால் எல்லோரும் மழுப்புகிறார்கள். நான் போடும் கணக்கு சுலபம். வீட்டுவாடகை, சாப்பாடு, கரண்ட், கம்ப்யூட்டர் தேய்மானம் எல்லாம் சேர்த்து மாதம் 36,000 ரூபாய் வேண்டும் என்று வையுங்கள். தனியாளாகப் பென்சிலும் இங்க்கும் வண்ணமும் செய்து ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது, மெயில், திருத்தம், காய்ச்சல், கல்யாண வீடு எல்லாம் போக மாதம் 24 நாள் வேலை நடக்கிறது என்றால் 12 பக்கம். அப்படியானால் பக்கத்துக்கு 3,000-க்குக் கீழே எடுக்கிற ஒவ்வொரு வேலைக்கும் நீங்கள் கையிலிருந்து காசு போடுகிறீர்கள். 12 பக்க வேலை எல்லா மாதமும் வராது என்பதால் இன்னும் ஏற்றித்தான் சொல்லவேண்டும். தமிழில் காமிக்ஸ் மட்டும் வரைந்து இந்தத் தொகை தொடர்ந்து கிடைப்பது கஷ்டம், இதை மறைக்க ஒன்றுமில்லை. இங்கே அதிகம் அச்சாவது மொழிபெயர்ப்புக் காமிக்ஸ், உள்ளூர் ஓவியருக்கு இருக்கும் இடம் சின்னது.

அதனால் பக்கத்துத் தொழில்களைக் கேவலமாக நினைக்காதீர்கள். 'ஸ்பிரிட்' தொடரை வரைந்த வில் ஐஸ்னர், காமிக்ஸில் மேதை என்று பெயர் வாங்கியவர், 1951 முதல் சுமார் இருபது வருடம் அமெரிக்க ராணுவத்துக்காக வண்டியையும் துப்பாக்கியையும் பழுதில்லாமல் பராமரிப்பது எப்படி என்று சொல்லும் மாத இதழைக் காமிக்ஸாக நடத்திக்கொண்டிருந்தார். 1978-இல் கிராஃபிக் நாவலில் மறுபடி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தவரும் அவரே. இங்கே சினிமா ஸ்டோரிபோர்டு, அதாவது படமெடுக்கும் முன் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைவது, இருக்கிறது, விளம்பரக் கம்பெனி ஸ்டோரிபோர்டு, சிறுவர் புத்தகம், பாடநூல், தொண்டு நிறுவனங்களின் விழிப்புணர்வுக் காமிக்ஸ் எல்லாம் இருக்கின்றன. இவை எல்லாமே கட்டத்தில் கதை சொல்லும் வேலைதான், கை பழகிக்கொண்டே இருக்கும், காசும் வரும்.

வேலை கேட்டு அனுப்பும்போது போர்ட்ஃபோலியோவில் சூப்பர்ஹீரோ கையைக் கட்டி நிற்கிற படங்களாக அடுக்காதீர்கள். எடிட்டர் பார்ப்பது தொடர்ச்சியான ஐந்தாறு பக்கம், அதில் சண்டை மட்டும் இருந்தால் போதாது, இரண்டு பேர் சமையலறையில் நின்று பேசுகிற பக்கம் ஒன்று, கூட்டம் உள்ள பக்கம் ஒன்று, குழந்தையும் கிழவியும் வருகிற பக்கம் ஒன்று இருக்கட்டும். குதிரை வரையவராது என்றால் குதிரை உள்ள பக்கம் ஒன்று போட்டுப் பழகுங்கள், முதல் ஸ்கிரிப்ட்டிலேயே குதிரைதான் வரும். சென்னை புத்தகக் காட்சி இருக்கிறது, 2024-லிருந்து சென்னையிலேயே காமிக்ஸ் ரசிகர் விழாவான காமிக் கானும் நடக்க ஆரம்பித்திருக்கிறது, அங்கே போய்ப் பதிப்பாளரையும் சக ஓவியர்களையும் நேரில் பாருங்கள், 16 பக்கத்தில் சொந்தமாக ஒன்று அச்சடித்துக் கையில் கொண்டுபோங்கள். முடித்துக் காட்டிய 16 பக்கத்துக்கு இருக்கும் மதிப்பு, முடியாத 200 பக்க இதிகாசத்துக்குக் கிடையாது.

இப்போது கையெழுத்து. 1938-இல் ஜெர்ரி சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். பல வழக்குகளுக்குப் பிறகு 1975-இல், ஷஸ்டருக்குக் கண் பார்வை மங்கிப்போயிருந்த காலத்தில், ஓவியர் நீல் ஆடம்ஸ் போன்றவர்கள் ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டதால் இருவருக்கும் வருடாந்தரத் தொகையும் கதையில் பெயரும் கிடைத்தன. கிர்பி 1980-களில் தான் வரைந்த அசல் பக்கங்களைத் திரும்பக் கேட்டு மார்வெல் பதிப்பகத்தோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒரு பகுதியை மட்டும்தான் வாங்கினார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஏழு ஓவியர்கள் 1992-இல் வெளியே வந்து, உரிமை படைத்தவருக்கே என்று இமேஜ் காமிக்ஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தில் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலம் என்று எழுதவில்லையானால் ஐந்து ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும், எந்த நாடு என்று எழுதவில்லையானால் இந்தியாவுக்குள் மட்டும். வரைந்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, மற்ற எல்லாவற்றையும் விற்ற பிறகும் உங்களிடமே இருக்கும். ஆனால் மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு வேலையாக வரைந்தால் முதல் உரிமை நிறுவனத்துக்குத்தான். காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே உரிமையாளர் என்று வாதிட 17-வது பிரிவில் இடம் இருக்கிறது. ஆகவே வாட்ஸ்அப்பில் 'ஓகே சார்' என்று முடித்துக்கொள்ளாமல் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: எத்தனை பக்கம், எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, அச்சு மட்டுமா மொழிபெயர்ப்பும் டிஜிட்டலும் சினிமாவும் சேர்த்தா, அசல் தாள் யாருக்கு, உங்கள் பெயர் எந்தப் பக்கத்தில் வரும். திருத்தம் தம்ப்நெயிலிலும் பென்சிலிலும்தான், இங்க் ஆன பிறகு மாற்றினால் தனிக்காசு என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். தொகை பெரிது என்றால் வக்கீலுக்கு ஒருமுறை காட்டுவது செலவே இல்லை.

ஏஐ படத்தைப் பற்றிக் கேட்பீர்கள். 2023-இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு காமிக்ஸ் புத்தகத்தையே எடுத்துப் பார்த்து, எழுத்துக்கும் அடுக்கிய விதத்துக்கும் உரிமை உண்டு, மிட்ஜர்னி என்ற ஏஐ உருவாக்கிய படங்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டது. உங்கள் தம்ப்நெயில், பென்சில், லேயர் உள்ள ஃபைல் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள், இது என் கையால் வரைந்தது என்று காட்டச் சொல்லும் நாள் வரலாம்.

உடம்பு விஷயத்தில் அரைமணிக்கொரு தரம் எழுந்திருங்கள், மணிக்கட்டை வைத்து வரையாமல் தோளிலிருந்து வரையப் பழகுங்கள், பலகையைச் சாய்த்து வையுங்கள். கட்டைவிரல் மரத்துப்போக ஆரம்பித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு டெட்லைனை முடிக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

பேமெண்ட் தாமதமாவது இங்கே சகஜம், அதற்குக் கோபப்பட்டு ஃபேஸ்புக்கில் எழுதுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பக்கங்களை ஒப்படைக்கிற அன்றைக்கே தேதியும் எண்ணும் போட்டு இன்வாய்ஸ் அனுப்புங்கள், முதலில் குறைந்த ரெசல்யூஷன் ஃபைல் மட்டும் கொடுங்கள், மீதிப் பணம் வந்த பிறகு அச்சுக்கான ஃபைல். பதினைந்து நாளில் ஒரு மெயில், முப்பது நாளில் ஒரு போன், எடிட்டரிடம் கெஞ்சாமல் நேராக அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு, அவர்கள் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வரித்தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு.